ஒரே சம்பளம், ஒருவருக்கு மட்டும் வாடகை

தென் கொரியாவின் டேகு நகரில் நான் ஆங்கிலம் கற்பிக்கும் டியூஷன் சென்டரில் எனக்கு மாதம் 23 லட்சம் வொன். பக்கத்து வகுப்பு கொரிய அக்காவுக்கும் ஏறக்குறைய அதேதான். ஆனால் என் வீட்டு வாடகையை நிர்வாகம் கட்டுகிறது. அவரோ முன்பணம், வாடகை எல்லாவற்றையும் சொந்தப் பணத்தில் சமாளிக்கிறார். பெற்றோர்களிடம் போனில் பேசும் வேலையும் அவர் தலையில்தான். என் கனடா பாஸ்போர்ட்டுக்கு இவ்வளவு மதிப்பு தருவது நியாயமாகப் படவில்லை.

அப்புறம், 2010-இல் மணிக்கு 4,110 வொன்னாக இருந்த குறைந்தபட்சக் கூலி 2025-இல் 10,030. முழுநேர வேலைக்கு மாதம் சுமார் 21 லட்சம். அது உயர்ந்தது நல்லதுதான். எங்கள் சம்பளம்தான் அந்த வேகத்தில் நகரவில்லை. அடுத்த ஒப்பந்தத்துக்கு முன் அக்காவும் நானும் சேர்ந்தே போய்க் கேட்கப்போகிறோம்.