மிச்சமாக நின்ற வெளிச்சம்

"சேர், இதைப் பாருங்க" என்று இறுதியாண்டு மாணவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். பால்வெளியின் நடுப்பகுதிப் படம். தெரிந்ததையெல்லாம் கழித்த பிறகும் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு.

2008இல் ஏவிய பெர்மி தொலைநோக்கியின் காமாக் கதிர்த் தரவு எல்லோருக்கும் திறந்தது. மட்டக்களப்பில் இருந்தும் இறக்கலாம். இந்த மிச்ச வெளிச்சத்தை முதலில் 2009இல் குட்இனஃப், ஹூப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள், ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருளின் துணிக்கைகள் மோதி அழிவதால் வரலாம் என்று.

"இது அதுதானே சேர்?"

எனக்கும் நெஞ்சு அடித்தது. ஆனாலும், "வாயுப் படத்தை மாத்திப் பார்த்தீங்களா?" என்றேன்.

அந்தக் கேள்வியோடு எட்டு மாதம் போனது. நடுப்பகுதியின் காமாக் கதிரில் பெரும்பங்கு பின்னணிதான், அண்டக் கதிர்ப் புரோத்தன்கள் வாயு முகில்களில் மோதிப் பிறப்பது. எங்கே எவ்வளவு வாயு என்பது நாங்கள் போடும் கணிப்பு. அதை மாற்ற மாற்றப் பொட்டு மங்கியது, வடிவம் மாறியது, போகவில்லை. அப்புறம் மில்லிசெக்கன் பல்சர்கள், செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழலும் செத்த விண்மீன்கள். அவற்றின் நிறமாலையும் அந்தப் பொட்டைப் போலவே சில கிகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தியில்தான் உச்சம் தொடுகிறது. கரும்பொருள் வளைவையும் பல்சர் வளைவையும் ஒன்றின்மேல் ஒன்று வரைந்த அன்று அவர் நெடுநேரம் பேசவில்லை. பல்சர் என்றால் தனித்தனிப் புள்ளிகள், கதிர்கள் கொத்துக் கொத்தாக வரவேண்டும். 2016இல் அப்படித் தெரிகிறது என்றார்கள். 2019இல் அந்த முறையே ஏமாறக்கூடும் என்று வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

"பின்னணியிலயே வருசம் போகுது, ஆய்வு எப்ப சேர் தொடங்கும்?"

இதுதான் ஆய்வு என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கல்லடி வாவியில் பாடுமீன் கேட்க ஓர் இரவு தோணியில் போயிருக்கிறேன். துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்ன தோணிக்காரர், "பொறுங்க, பாலத்தில வண்டி போய் முடியட்டும்" என்றார். பால்வெளி நடுவில் வண்டி ஓயாது. அதனால் வேறு நீருக்குப் போனோம்: திராக்கோ என்ற குள்ள விண்மீன் மண்டலம். வாயு இல்லை என்றே சொல்லலாம், கரும்பொருளோ நிறைய. ஆனால் சுமார் 250,000 ஒளியாண்டு தூரம், வரும் கதிர் சொற்பம்.

மூன்று கிழமை கழித்து மாணவி வந்தார்.

"ஒண்டும் இல்ல, சேர்."

அட்டவணையின் கடைசி நிரலில் மேல் எல்லையை, இருந்தாலும் இதற்கு மேல் இராது என்ற எண்ணை, எழுதினார். பிறகு அடுத்த மண்டலத்தின் கோப்பைத் திறந்தார்.