தாம்போதி கடந்து நாகபூசணி அம்மனிடம்

நயினாதீவு என்றதும் படகும் கடலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் புறப்பட்டு, அம்மனைக் கும்பிட்டுப் பொழுதுபடுமுன் வீடு திரும்ப முடிகிறதென்றால், அதற்கு வேலணை, புங்குடுதீவு என்ற இரு தீவுகளையும் கடலுக்குக் குறுக்கே வீதியாகச் சேர்க்கும் வாணர் தாம்போதிதான் காரணம்.

ஒல்லாந்தர் வேலணையை லைடன், புங்குடுதீவை மிடில்பேர்க், நயினாதீவை ஹார்லெம் என்று தங்கள் ஊர்ப்பெயர்களால் அழைத்தார்கள். அப்போது தீவுக்குத் தீவு வள்ளந்தான். போர்த்துக்கேயர் இடித்த அம்மன் கோயில் 1788இல் மறுபடி எழுந்தபோதும் அடியார்கள் வந்தது கடல்வழியேதான். புங்குடுதீவார் பெரிய வாணர், சின்ன வாணர் என்று அழைத்த சகோதரர்கள் ஓயாமல் முயன்றதன் பயனாகவே 20ஆம் நூற்றாண்டில் இத்தாம்போதி வந்தது. அவர்கள் பெயர் அதில் நிலைத்திருப்பது நியாயம்.

ஆழமில்லாத பரவைக்கடலில் கல்லும் மண்ணும் நிரப்பி உயர்த்திய வீதி இது. நீரோட்டம் தடைப்படாதிருக்க இடையிடையே மதகுகள். காற்றுக்காலத்தில் அலை பக்கக் கற்களை அசைக்கும். கல் சரிந்தால் உள்ளிருக்கும் மண் கரையும், மண் போனால் தார் இறங்கிக் குழியாகும். மதகிலுள்ள இரும்பை உப்பு தின்னும். ஆகவே இரவில், மழையில் வாகனத்தை மெதுவாகவே விடுங்கள். வீதி ஒடுக்கம், எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும்.

யாழ். பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்க பஸ் எடுத்தால் பண்ணை, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாகப் புங்குடுதீவிலுள்ள குறிகாட்டுவான் இறங்குதுறைக்குச் சுமார் ஒன்றரை மணித்தியாலம். தாம்போதி முடிந்ததும் மடத்துவெளி, அங்கே முருகன் கோயில். முருகனை நினைத்துக் கும்பிட்டுக்கொள்ளலாம். குறிகாட்டுவானிலிருந்து படகு ஏறத்தாழ 20 நிமிடம். கீழ்த்தட்டில் புழுக்கம் அதிகம், குமட்டும் இயல்புள்ளவர்கள் காற்றுப்படும் இடமாகப் பார்த்து இருப்பது நல்லது. உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி அணியுங்கள்.

பெருந்திருவிழா ஆனிப் பூரணையை ஒட்டி வருகிறது. அது தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றின் காலம். கடல் கொந்தளிக்கும், தேரன்று இறங்குதுறையில் வரிசையும் நீளும். பலர் பிழைவிடுவது இங்கேதான்: பஸ் நேரத்தை மட்டும் கணக்குப் பார்த்து, படகுக்குக் காத்திருக்கும் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். மதியப் பூசை தவறிவிடுகிறது. இயன்றால் முதல் பஸ்ஸிலேயே புறப்படுங்கள்.

ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே போகவேண்டும். வேட்டியும் ஒரு சால்வையும் போதும். பிறந்து 31 நாள் கழிந்த பிள்ளையை அம்மனிடம் காட்டக் கொண்டுவருபவர்கள் வெயிலேறுமுன் கடலைக் கடந்துவிடுங்கள். சுடுதண்ணீர்ப் போத்தலையும் தடித்த துணியொன்றையும் மறக்கவேண்டாம். மதியம் அமுதசுரபி மடத்தில் அன்னதானம் உண்டு. சாப்பிட்டதும் கடைசிப் படகு எத்தனை மணிக்கென்று துறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் பஸ் அந்தப் படகுக்காக நிற்குமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.