லேத்தை விட்டு எங்கே போவது?

மார்ச் 4, 2024

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனி இந்த மாதக் கடைசியோடு மூடுகிறது. மிஷின்களுக்கு ஆள் வந்து விலை பேசிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு வயது 47. ஐடிஐயில் டர்னர் (லேத்தில் உலோகம் கடையும் தொழில்), அப்புறம் அப்ரென்டிஸ், அன்றிலிருந்து லேத்தும் கணினியில் ஓடும் சிஎன்சி மிஷினும்தான்.

மதியம் பசங்க கூடி, கணக்கு தீர்த்தால் என்ன வரும் என்று கேட்டார்கள். அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26-ஆல் வகு, 15-ஆல் பெருக்கு, அதை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கு. அதுதான் கிராஜுவிட்டி, பணிக்கொடை. எனக்கு 20,800 என்றால் வருஷத்துக்கு 12,000. 19 வருஷத்துக்கு 2,28,000. முப்பது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். மூடலுக்கான நஷ்டஈடு இதில் சேராது, அது தனி. "எல்லாம் சேர்த்து மொத்தமா ஒரு தொகை" என்று பேச்சு வந்தால், இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்றேன்.

மார்ச் 21

மச்சான் வந்திருந்தார். பிஎஃப் பணத்தை எடுத்து ஒரு ஹார்டுவேர் கடை போடலாம் மாமா என்றார். பாசத்தில் சொல்கிறார், ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. வட்டி 8.25 சதவீதம் என்று போன மாதம்தான் அறிவித்தார்கள். பத்து வருஷ சர்வீஸ் தாண்டியிருப்பதால் 58 வயதில் பென்ஷனும் உண்டு. அடுத்த இடத்தில் அதே யுஏஎன் என்ற பிஎஃப் பொது நம்பரைக் கொடுத்தால் கணக்கு தொடரும். அதைத் தொடப் போவதில்லை.

ஏப்ரல் 5

போன் பண்ணுகிற இடத்திலெல்லாம் வயதைக் கேட்டதும் குரல் மாறுகிறது. "முப்பத்தஞ்சுக்குள்ள பாக்குறோம் சார்." ஒரு ஏஜென்ட் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு மூவாயிரம் கேட்டான். வைத்துவிட்டேன். வேலை கொடுப்பவன் பணம் கேட்க மாட்டான். இதை என் மகள் வயதுப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயோடேட்டாவை மாற்றி எழுதினேன். "நீண்ட அனுபவம்" என்ற வரியை அடித்துவிட்டு, "22 எச்7 போரிங், 21 மைக்ரான் டாலரன்ஸ், தினசரி உற்பத்தி" என்று போட்டேன். 22 மி.மீ. துளையை 0.021 மி.மீ.க்கு மேல் பிசகாமல் தினமும் குடைந்தவன் என்று அர்த்தம். தொழில் தெரிந்தவன் கையில் கிடைத்தால் இந்த ஒரு வரி போதும், என்னைக் கூப்பிடுவான்.

ஏப்ரல் 19

இன்று ஓட்டு. காலையிலேயே வெயில் கொளுத்தியது. வரிசையில் எனக்கு முன்னால் ஐடிஐயில் என்னோடு படித்தவன் நின்றான். இப்போது ஒரு தனியார் ஐடிஐயில் பயிற்றுநர். "டர்னர் டிரேடுக்கு ஆள் தேடிட்டு இருக்கோம்டா. படிச்சவங்க வர்றாங்க, மிஷின் ஓட்டினவங்க வர மாட்டேங்கறாங்க" என்றான். மையை வைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகும் மரத்தடியில் வெகுநேரம் பேசினோம்.

மே 6

ப்ளஸ் டூ ரிசல்ட். மகள் நல்ல மார்க். பி.காம் போகிறாள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும். வீட்டில் இன்று பாயசம்.

மே 23

நண்பனின் ஐடிஐயில் டெமோ வகுப்பு. முதல்வர் கடைசி பெஞ்சில். தலைப்பு உங்கள் விருப்பம் என்றார். மைக்ரோமீட்டரை எடுத்தேன், நுணுக்கமாக அளக்கும் கருவி.

ஒரு 12 மி.மீ. டோவல் பின்னை (பாகங்களை இடம் பிசகாமல் பொருத்தும் உருளை ஊசி) கொடுத்து, ஒவ்வொருவராக அளந்து போர்டில் எழுதச் சொன்னேன். 11.97 என்றான் ஒருவன், 12.04 என்றான் அடுத்தவன், அப்புறம் 11.99. ஒரே பின். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திம்பிளை, அதாவது கோடு போட்ட சுழலும் உருளையை, பிடித்து முறுக்குகிறார்கள், ஒவ்வொரு கைக்கும் ஒரு பலம். மைக்ரோமீட்டரின் அளக்கும் முகங்களைத் துடைத்து, மூடி, ஜீரோ பார்த்துவிட்டு, அழுத்தம் போதுமானதும் வழுக்கும் நுனிக் குமிழான ராட்செட்டை மட்டும் பிடித்து மூன்று 'டிக்' வரை சுற்றச் சொன்னேன். இந்தச் சுற்றில் எல்லோருக்கும் 12.01.

அப்புறம்தான் கணக்கு: ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. நகரும், திம்பிளில் ஐம்பது கோடு, ஆக ஒரு கோடு 0.01.

ஜன்னலோரம் இருந்த ஒல்லிப் பையன் விடவில்லை. "பன்னெண்டுன்னு தானே சார் சொன்னீங்க? ஏன் ஒரு பாயின்ட் ஜாஸ்தி?" துளைக்குள் இறுகி உட்கார வேண்டும் என்பதற்காக பின்னை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டித்தான் செய்வார்கள் என்றேன். அவன் பின்னைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, இந்த வேலைதான் எனக்கு வேண்டும் என்று அப்போது தோன்றியது.

ஜூன் 2

இரண்டு வேலை கையில். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சிஎன்சி செட்டர், 30,000, மூன்று ஷிப்டு. ஐடிஐயில் 19,000. பழைய சம்பளம் 34,000.

இரவு மனைவியிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த ப்ளவுஸை மடியில் வைத்துவிட்டு, "என்னங்க, நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து நீங்க தூங்காம உக்காந்திருக்கறத இத்தனை வருஷம் பாத்துட்டேன். வீட்டுக் கடன் போன வருஷமே முடிஞ்சுது. நான் இன்னொரு மிஷின் போட்டு ஒரு பொண்ண வேலைக்கு வெச்சுக்கறேன். ஐடிஐக்கே போங்க" என்றாள். கிராஜுவிட்டிப் பணத்தில் அந்தத் தையல் மிஷினுக்கு மட்டும் எடுப்பது, மீதி மகள் படிப்புக்கு டெபாசிட்.

ஜூன் 14

ஆர்டர் வாங்கிவிட்டேன். ஒரு நிபந்தனை: சிஐடிஎஸ் முடிக்க வேண்டும். பயிற்றுநர்களுக்கான ஒரு வருஷப் படிப்பு, கிண்டியில் இருக்கும் தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் உண்டு. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மகள் எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்கிறாள்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய் செலவில் தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். ரோபோ, நவீன சிஎன்சி எல்லாம் வந்துவிட்டன. மிஷின் வந்தால் போதாது. சத்தத்தை வைத்தே டூல் மழுங்கியதைக் கண்டுபிடிக்கிற ஆட்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அம்பத்தூரிலும் கோவையிலும் ஓசூரிலும் நாற்பதைத் தாண்டி வீட்டில் உட்கார்ந்திருக்கும் டர்னர், ஃபிட்டர் அண்ணன்மார் எத்தனையோ பேர். உங்கள் அப்ரென்டிஸ் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். பக்கத்து ஐடிஐயில் ஒருமுறை போய்க் கேளுங்கள்.

ஜூலை முதல் தேதி சேர்கிறேன். ஸ்டோரில் இருக்கும் மைக்ரோமீட்டர்களில் பாதிக்கு ராட்செட் சுற்றவில்லை. புதிதாக ஆறு வேண்டும் என்று முதல்வரிடம் இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.