க்ரியோல் தக்காளி சாஸ்: தொக்கா மாறாம நிறுத்துறதுதான் வேலையே

போன கோடைலேர்ந்து வீட்ல விட்டு விட்டு செஞ்சு பாத்துட்டு இருக்கிற ஐட்டம் இது, இப்போதான் ஒரு பதத்துக்கு வந்து நின்னிருக்கு, மறக்கறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். அமெரிக்காவுல லூசியானா மாகாணத்து நியூ ஆர்லியன்ஸ் பக்கம் ஷ்ரிம்ப் க்ரியோல்னு (ஷ்ரிம்ப்னா இறால், க்ரியோல்னா அந்த ஊரோட கலப்புச் சமையல்) வெள்ளைச் சோத்து மேல ஊத்தித் தருவாங்கல்ல, செவப்பா, அங்கங்க பச்சை குடைமிளகாய் தெரிய, அந்த சாஸ்தான். நான் இருக்கிறது மெட்டரி, அதாவது நியூ ஆர்லியன்ஸை ஒட்டின ஊரு. அதனால தக்காளி, இறால் ரெண்டுக்கும் பஞ்சமில்ல.

மொதல்ல தக்காளி. இங்க ஜூன் மாசம் வந்தா ரோட்டோரத்துல, மார்க்கெட்ல எல்லாம் 'க்ரியோல் டொமேட்டோ'னு அட்டைல எழுதி வச்சு விப்பாங்க, பிரெஞ்ச் மார்க்கெட்ல இதுக்குன்னே ஜூன்ல திருவிழா கூட நடக்கும். நான் அது ஏதோ தனி ரகம்னு நெனச்சுதான் விதை தேடிட்டு இருந்தேன். விசாரிச்சா இந்தப் பேரு ரகத்தை விட மண்ணைத்தான் சொல்லுது. மிசிசிப்பி ஆறு கடல்ல போய் சேர்ற கடைசிப் பகுதியில இருக்கிற செயின்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ் மாவட்டங்கள்ல, ஆறு கொண்டுவந்து கொட்டின வண்டல்ல வெளைஞ்சு, செடியிலயே பழுத்து வந்ததுன்னா அது க்ரியோல் தக்காளி, அதுக்குள்ள என்ன ரகம்ங்கறது விவசாயிக்கு விவசாயி மாறும். பாக்க ஒண்ணும் அழகா இருக்காது, காம்புப் பக்கம் வெடிச்சு, ஒரு பக்கம் சப்பையா, கனமா இருக்கும். ஆனா அறுத்தா உள்ள வரைக்கும் செவப்பு. சூப்பர் மார்க்கெட்ல வர்ற அழகான தக்காளி காயா பறிச்சு வழியில பழுக்க வச்சது, அறுத்தா நடுவுல வெள்ளையா ஒரு தண்டு. ரெண்டுலயும் ஒரே மாதிரி சாஸ் வச்சுப் பாத்தாச்சு, கடைத் தக்காளில செஞ்சதுக்கு டொமேட்டோ பேஸ்ட் போட்டு முட்டுக் கொடுத்தாத்தான் நிக்குது.

சீசன் ரொம்பக் கம்மி. ராத்திரி சூடு 24 டிகிரிக்கு மேல போக ஆரம்பிச்சா தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காம உதிர்ந்துடும், இங்க ஜூன் கடைசிலேர்ந்தே அந்த நெலமைதான், ஆக ஜூலைக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும். அந்தப் பக்கத்து மண்ணுக்கு இருக்கிற கஷ்டம் வேற. 2005ல கத்ரினா புயல் லூசியானாவுல மொதல்ல கரையைக் கடந்தது பிளாக்மின்ஸ்லதான், 2023ல ஆத்துல தண்ணி கொறைஞ்சு கடல் உப்பு ஆத்து வழியாவே மேல ஏறி வந்து குடிதண்ணி வரைக்கும் கெட்டுப் போச்சு. விலை கொஞ்சம் கூட சொன்னாலும் நான் பேரம் பேசறதில்ல.

தக்காளி சீசன்ல கிடைக்கலன்னா டப்பாத் தக்காளி தாராளமா போடலாம், ஆனா முழுசா இருக்கிற டப்பா வாங்குங்க. துண்டு போட்ட டப்பால கால்சியம் குளோரைடு சேத்திருப்பாங்க, துண்டு கொழையாம இருக்கிறதுக்கு. நீங்க ஒரு மணி நேரம் கொதிக்க வச்சாலும் அது கட்டி கட்டியாவே மெதந்துட்டு இருக்கும். லேபிள்ல பாத்தாலே தெரியும்.

இப்போ முக்கியமான மேட்டர். இங்க இருக்கிற சமையல்ல பாதிக்கு மேல வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய்னு மூணுலதான் ஆரம்பிக்கும், இதுக்கு 'ஹோலி ட்ரினிட்டி'னு பேரு, கத்தோலிக்க ஊருல்ல, அதனால பரிசுத்த திரித்துவம்னே வச்சிட்டாங்க. பிரெஞ்சுக்காரங்க வெங்காயம், செலரி, கேரட்னு வதக்குவாங்க, இங்க கேரட் எடத்துல குடைமிளகாய் வந்து உக்காந்துடுச்சு. நான் எடுக்கிற அளவு பொடியா நறுக்குன வெங்காயம் 2 கப், செலரி 1 கப், குடைமிளகாய் 1 கப். குடைமிளகாய் பச்சையாத்தான் இருக்கணும், செவப்பு போட்டா இனிப்பு ஏறிடும், அந்த லேசான கசப்புதான் இந்த சாஸுக்கு உயிரே.

செலரின்னா நம்ம ஆளுங்களுக்கு ஒரு வெறுப்பு உண்டு. எனக்கும் இருந்துச்சு, வெறும் வாய்ல கடிச்சா ஏதோ சோப்பு மாதிரி. அதனால செலரி இல்லாம ஒரு தடவை, செலரி போட்டு ஒரு தடவைன்னு ஒரே நாள்ல ரெண்டு அடுப்புலயும் வச்சுப் பாத்தேன். செலரி இல்லாதது நல்ல தக்காளி கிரேவி, எந்த ஊருதுன்னு சொல்ல முடியாது. போட்டதுல மூடியைத் தொறந்தவுடனே நியூ ஆர்லியன்ஸ் ஹோட்டல் வாசனை. சாப்பிடும்போது செலரின்னு தனியா ஒண்ணும் நாக்குல படாது, அடியில கெடந்து வேலை பாக்குது. அடுத்த தடவைலேர்ந்து தண்டோட நுனில இருக்கிற இலையையும் சேத்தே நறுக்கிடறேன்.

வெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 1. அடுப்பு மிதமா வச்சு இந்த மூணையும் போட்டு கொஞ்சம் உப்பு தூவி, வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி, செலரி நசுக்கினா நசுங்கற வரைக்கும், சுமார் 15 நிமிஷம். இதுல அவசரப்படவே கூடாது. தக்காளி புளிப்பு உள்ள போயிட்டா அதுக்கப்புறம் வெங்காயமும் செலரியும் லேசுல வேகாது, அந்த அமிலம் காயோட செல்லை இறுக்கிப் பிடிச்சுக்கும், நறுக் நறுக்னு கடைசி வரைக்கும் பல்லுல மாட்டும். வெங்காயத்தை வதக்கிட்டுத்தான் தக்காளி போடணும்னு நம்ம வீட்ல சொல்லித் தந்ததுக்கும் இதே காரணம்தான் போல. ஆனா நம்ம மாதிரி பொன்னிறம் வரைக்கும் கொண்டு போகக்கூடாது. பொன்னிறமா வதக்கிப் பாத்தா சாஸ் கலர் மங்கி, இனிப்பு தூக்கலா, குருமா பக்கம் சாஞ்சிடுது. வெந்த உடனே பூண்டு 5 பல் பொடியா நறுக்கிப் போட்டு ஒரு நிமிஷம்.

மாவை வெண்ணெய்ல வறுத்து சேக்கிற 'ரூ' வேணுமா வேணாமாங்கறதுல இங்க வீட்டுக்கு வீடு சண்டை. ரெண்டும் செஞ்சாச்சு. ரூ போட்டா சாஸ் வழவழன்னு கெட்டியா, எட்டூஃபேங்கற இந்த ஊர் கெட்டி கிரேவி பக்கம் போகுது, ரொம்ப கனமா இருக்கு. என் ஓட்டு ரூ இல்லாததுக்குத்தான், தக்காளி சுண்டி வர்ற கெட்டியே போதும்.

தக்காளி 1¼ கிலோ. அடியில பிளஸ் மாதிரி கீறி கொதிக்கிற தண்ணில அரை நிமிஷம், எடுத்து ஐஸ் தண்ணில போட்டா தோல் சட்டை கழட்ற மாதிரி வந்துடும். தோல் விட்டா சாஸ்ல சுருள் சுருளா மெதக்கும், அதனால உரிச்சே ஆகணும். விதையை எடுத்துடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, சரி, ஆனா விதையைச் சுத்தி இருக்கிற கொழகொழப்பைத் தூக்கிப் போடாதீங்க, தக்காளியோட உமாமி ருசி (கறி, காளான்ல வர்ற மாதிரி நாக்குல நிக்கிற ருசி) சதைல இருக்கிறதை விட அதுலதான் ஜாஸ்தி. சல்லடைல போட்டு கரண்டியால தேச்சா விதை மேல நின்னுடும், சாறு கீழ எறங்கிடும், அந்த சாறு சாஸுக்கு. இந்த ஒரு மாத்தம் பண்ணதுலேர்ந்து டொமேட்டோ பேஸ்ட் போடறதையே விட்டுட்டேன், நல்ல தக்காளி கிடைக்கிற மாசத்துல சொல்றேன்.

இதுக்கப்புறம்தான் தமிழ்க் கையைக் கட்டிப் போடணும். தக்காளி போட்டா நமக்கு தன்னால கை மஞ்சத்தூள் டப்பாவுக்குப் போகும், எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல நிக்கிற வரைக்கும் சுண்ட வைக்கத் தோணும். அந்தப் பதத்துல எறக்கினது இட்லிக்குப் பிரமாதமா இருந்துச்சு, தொக்கு. ஆபிஸ்ல சால்மெட் ஊர்லேர்ந்து வர்ற ஒரு அம்மா இருக்காங்க, நான் கொண்டு போனதை ஒரு ஸ்பூன் ருசி பாத்துட்டு "ரொம்ப நல்லாருக்கு பேபி, தக்காளியை எங்க ஒளிச்சு வச்சே?"ன்னாங்க, இந்த ஊர்ல எல்லாரையும் பேபினுதான் கூப்பிடுவாங்க. அதுக்கப்புறம் நான் டைம் வச்சுக்கிட்டேன். தக்காளியும் ஒரு கப் இறால் தலை, ஓடு வேகவச்ச தண்ணியும் ஊத்தி, சிம்ல 30 நிமிஷம், மீறினா 35. கரண்டியைத் தூக்கினா சொட்டு சொட்டா விழணும், மொத்தையா விழக்கூடாது. தட்டுல ஊத்தினா ஓரத்துல தண்ணி மட்டும் தனியா பிரிஞ்சு ஓடக்கூடாது, அவ்ளோதான் பதம்.

பாத்திரம் பத்தி ஒரு வார்த்தை. இங்க பழைய வீடுகள்ல தடிமனான அலுமினியப் பாத்திரம், இரும்புச் சட்டி ரெண்டும் இருக்கும், ரெண்டுமே இதுக்கு ஆகாது. புளிப்பு பட்டு அலுமினியம் சாஸ்ல எறங்கும், இரும்புச் சட்டியோட பழகின கருப்பு உரிஞ்சு சாஸ் இரும்பு வாடை அடிக்கும். எவர்சில்வர் இல்ல எனாமல் பூசின அடிகனமான பாத்திரம் வச்சுக்கோங்க.

மசாலா சுருக்கமா சொல்லிடறேன். காஞ்ச தைம் 1 டீஸ்பூன், மிளகு அரை, கெயென் மிளகாய்த்தூள் கால், பே லீஃப் 2. பே லீஃப்னு கேட்டு இந்தியன் கடைக்குப் போனா பிரிஞ்சி இலைதான் தருவாங்க, அது வேற மரம், பட்டை குடும்பம், போட்டா சாஸ் பிரியாணி வாசனை அடிக்கும். இங்க போடறது லாரல் மரத்து இலை, சின்னதா, நடுவுல ஒரே நரம்பு ஓடும். பிரிஞ்சி இலைல நீளவாக்குல மூணு நரம்பு, அதை வச்சே கண்டுபிடிக்கலாம். சீரகம், தனியா, கரம் மசாலா எதுவும் கெடையாது, கை அரிச்சாலும் கெடையாது.

எறக்கறதுக்கு முன்னாடி வூஸ்டர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன். இதோட லேபிளைப் படிச்சுப் பாத்தா நெத்திலி மாதிரி ஒரு மீனும் புளியும் இருக்கும், அது தெரிஞ்சதுக்கப்புறம் இந்த சாஸ் ஏன் நம்ம நாக்குக்கு இவ்ளோ சீக்கிரம் பழகுச்சுன்னு புரிஞ்சுது. காரத்துக்கு ஹாட் சாஸ், இங்க ரெண்டு கட்சி இருக்கு. டபாஸ்கோ 1868லேர்ந்து ஏவரி ஐலண்ட்ல பண்றாங்க, மிளகாயை ஊற வச்சு ஓக் பீப்பாய்ல வருஷக் கணக்குல வைக்கிறது, காரம் சுருக்குன்னு இருக்கும். கிரிஸ்டல் 1923ல நியூ ஆர்லியன்ஸ்ல ஆரம்பிச்சது, காரம் கம்மி, மிளகாய் ருசி கூட. சாஸ் உள்ள ஊத்த எனக்கு கிரிஸ்டல்தான், தட்டுல சொட்டு விட டபாஸ்கோ.

தக்காளி இந்த ஊருக்குள்ள எப்படி இவ்ளோ ஆழமா வந்துச்சுன்னு கேட்டா, பிரெஞ்சுக்காரங்க கிட்டருந்து 1760கள்ல ஊரு ஸ்பெயின் கைக்கு மாறி சுமார் 40 வருஷம் அவங்க ஆண்டாங்க, தக்காளி, குடைமிளகாய் சேத்து வதக்கிற பழக்கத்தை அவங்க கணக்குலதான் பலரும் எழுதுறாங்க, அப்புறம் 19ஆம் நூற்றாண்டு கடைசில சிசிலிக்காரங்க கூட்டமா வந்து எறங்கினாங்க, ஆனா அடுப்படில நின்னு இதையெல்லாம் ஒண்ணாக் கலந்தவங்கள்ல நெறைய பேரு ஆப்பிரிக்காலேர்ந்து அடிமையா கொண்டுவரப்பட்ட பெண்களும் அவங்க வாரிசுகளும். மேற்கால கேஜன்னு சொல்ற பிரெஞ்சு வம்சாவளி மக்கள் ஊருக்குப் போனா ஜம்பலாயால (நம்ம பிரியாணி மாதிரி ஒரே பாத்திரத்துல வைக்கிற சோறு) கூட தக்காளி இருக்காது, பழுப்பு கலர்லதான் வரும். நகரத்து ஜம்பலாயா செவப்பு. இதை வச்சு நடக்கிற சண்டையெல்லாம் கேட்டா நம்ம சாம்பார் சண்டை தேவலாம்.

இறால் 700 கிராம், நடுத்தர சைஸ். சாஸ் கொதிக்கும்போது போட்டு அடுப்பைக் கொறைச்சு 3 நிமிஷம், கொக்கி மாதிரி வளைஞ்சா எறக்கிடணும், வட்டமா சுருண்டுட்டா ரப்பர். மேல வெங்காயத்தாள், பார்ஸ்லி. சோறு நீளமான அரிசியா உதிரியா இருந்தா நல்லது, பொன்னிலயும் சாப்பிட்டிருக்கேன், அதுல சாஸ் இன்னும் நல்லாவே ஒட்டுது, இங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க. இறாலைப் போட்டுட்டு மறுநாள் சூடு பண்ணா வேஸ்ட், அதனால சாஸை மட்டும் மொத்தமா செஞ்சு வச்சுட்டு வேண்டியப்போ இறால் போட்டுக்கறேன்.

ஸ்டோர் பண்றதுல ஒரு எச்சரிக்கை. வெறும் தக்காளின்னா எலுமிச்சைச் சாறு சேத்து பாட்டில்ல அடைச்சு கொதி தண்ணில வச்சு எடுக்கிற முறை இருக்கு, pH அளவு (இது கொறைய கொறைய புளிப்பு ஜாஸ்தின்னு அர்த்தம்) 4.6க்குக் கீழ இருந்தா பயமில்ல. ஆனா இந்த சாஸ்ல வெங்காயம், செலரி, குடைமிளகாய் எல்லாம் புளிப்பில்லாத காய், pH மேல ஏறிடும், பாட்டுலிசம் கிருமி வளர எடம் கிடைக்கும், அது வந்தா மணமோ கலரோ மாறாமலே விஷம். அதனால பாட்டில் வேலையே வேணாம்னு ஆற வச்சு ஜிப் கவர்ல ஒரு வேளைக்கு ஒண்ணுன்னு தட்டையா ஃப்ரீசர்ல அடுக்கிடறேன். மூணு மாசம் வரைக்கும் ருசி அப்படியே நிக்குது, அதுக்கு மேல குடைமிளகாய் கொஞ்சம் நீர் விட்டு வருது. பே லீஃபை எடுத்துட்டு ஃப்ரீஸ் பண்ணுங்க, உள்ளயே கெடந்தா கசப்பு ஏறுது.

அடுத்து இதே சாஸ்ல வெண்டைக்காயைத் தனியா வதக்கி கொழகொழப்பு போனதும் சேத்துப் பாக்கப் போறேன், இங்க அதுவும் வழக்கத்துல உள்ளதுதான். மீனுக்கு இதையே இன்னும் கொஞ்சம் தண்ணியா விட்டு ரெட்ஃபிஷ் துண்டு போட்டு கூர்புயோன்னு ஒண்ணு வைப்பாங்க, மீன் நல்லதா கிடைச்ச வாரம் அதையும் செஞ்சிட்டு சொல்றேன்.