வேலிமசால்: மூன்றாம் வருசம் பிடிபட்ட அறுப்புக் கணக்கு

சித்திரையில் விழுந்தது ஒரே ஒரு கோடை மழை. நேற்றுப் போய்ப் பார்த்தால், ஆட்டுத் தீவனத்துக்குப் போட்ட வேலிமசால் செடியின் கட்டையெல்லாம் துளிர் வைத்து நிற்கிறது! மூன்று வரிசை நடந்து எண்ணினேன். பட்டுப்போனது ஏழே தூர். போன வருசம் இதே நேரம் மூன்றில் ஒரு பங்கு காய்ந்த குச்சி. அந்த எரிச்சலில் உழுது போட்டிருப்பேன், வீட்டில் தடுத்ததால் தப்பியது.

இடம் அரவக்குறிச்சிப் பக்கம். சரளை கலந்த செம்மண், 20 சென்ட், பாசனம் கிடையாது. வெள்ளாடு 12 உருப்படி.

விதைத்த 90ஆம் நாள் முதல் அறுப்பு, பிறகு 40 நாளுக்கு ஒன்று என்று சொல்வார்களே, அதை நம்பித்தான் கெட்டேன். அது தண்ணீர் கட்டுகிற தோட்டத்துக் கணக்கு. போன வருசம் மாசிக் கடைசியில் நாள் வந்துவிட்டதே என்று அறுத்தேன். அறுபட்ட கட்டை, வேரில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் துளிர்விடும். அந்தத் துளிர் இலையாகிச் சம்பாதிக்கத் தொடங்குமுன் மண் காய்ந்தால் கருகும். மறுபடி துளிர்க்கும், மறுபடி கருகும். பங்குனி முடிவதற்குள் வேரில் ஒன்றும் மிச்சமில்லை.

இப்போதெல்லாம் அறுப்புக்கு முந்தின நாள் கடப்பாரையோடு போகிறேன். இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரு முழம் குத்தி, அடிமண்ணை அள்ளிக் கல்லைப் பொறுக்கிவிட்டு உள்ளங்கையில் இறுக்கிப் பிடிப்பேன். உருண்டை நின்றால் மறுநாள் அரிவாள். உதிர்ந்தால், செடி இடுப்பு உயரம் நின்றாலும் கை வைப்பதில்லை. உச்சி வெயிலில் இலை மடிவதைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்து போவோம். காலை வெயில் ஏறிய பிறகும் விரியாமல் இருந்தால்தான் கவலை.

அதற்காக ஈரம் இருக்கிறதென்று அறுப்பைத் தள்ளிப் போடவும் முடியாது. இந்தப் பருவத்தில் புரட்டாசி 10, ஐப்பசி 25, மார்கழி 28 என்று மூன்று அறுப்பு. ஐப்பசியில் 45 நாள் தழை, வெள்ளைப் பூ அங்கொன்று இங்கொன்று. 10 கிலோ போட்டால் தொட்டியில் மிஞ்சியது ஒன்றேகால் கிலோ. கார்த்திகை மழையில் சேற்றில் இறங்க அலுப்புப்பட்டு மார்கழிக்குத் தள்ளினேனா, அதே 10 கிலோவில் மூன்றரை கிலோ கட்டைக் குச்சியாக மிஞ்சியது. பென்சில் தடிமனைத் தாண்டினால் எங்கள் ஆடுகள் மோந்து பார்ப்பதோடு சரி. காயும் பழுப்பேறி வெடித்துப் பக்கத்து முருங்கைக் கொல்லை முழுக்க முளைப்பு. மொட்டு தெரியும்போது வெட்டுவதுதான் சரியான பதம்.

பல் வைத்த கருக்கரிவாளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அது பட்டையைக் கிழித்து இழுக்கிறது, கிழிந்த கட்டை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே இறங்குகிறது. முழங்கால் உயரத்தில், சாணை பிடித்த வெட்டரிவாளால் சாய்வாக ஒரே வெட்டு. மார்கழிக்குப் பிறகு வெட்டே இல்லை. தையிலிருந்து ஆடுகளுக்குக் கடலைக்கொடியும் சோளத்தட்டும்தான்.

போன வருசம் பட்டுப்போன இடத்தில் விதை ஊன்ற வேண்டும். முன்பு ஒரு கடையில் வாங்கிய விதை காலே அரைக்கால்தான் முளைத்தது, பழைய சரக்கு. இந்த முறை மார்கழிச் சோம்பேறித்தனத்தால் கிடைத்த சொந்த விதை. 80 டிகிரி வெந்நீரில் 5 நிமிசம் போட்டெடுத்தால் தோல் இளகும்.

வரப்பில் இரண்டு வரிசை சூபாபுல் என்ற தீவன மரம் வைக்கிற யோசனையும் இருக்கிறது. மானாவாரியில் வேர் ஆழம் போகும்வரை அதைத் தொடக்கூடாது, இரண்டு வருசம் பொறுக்க வேண்டும். அதன் இலையில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடவும் முடியாது. அதை நினைத்தால்தான் கை பின்வாங்குகிறது.

வேலிமசால் துளிர் இப்போது ஒரு சாண். வேலியோரம் நின்று ஆடுகள் கத்துகின்றன. இன்று காலை குத்திப் பார்த்தேன், அரை அடிக்குக் கீழே புழுதி.