இரண்டு ஊசி, இரண்டு முதல் தவணை

ஜனவரி 8, 2022, சனி

நாளை முழு ஊரடங்கு. மளிகைக் கடையில் ஊரே நின்றது. சாமான் பையோடு வீட்டுக்குள் நுழையும்போதே மாமனார் போனை நீட்டினார். தெற்கு ரயில்வே அறிவிப்பு. திங்கட்கிழமை, பத்தாம் தேதியிலிருந்து 31 வரை, சென்னைப் புறநகர் ரயிலில் ஏற வேண்டுமானால் கொரோனா தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டதற்கான சான்றிதழ் வேண்டும். சீசன் டிக்கெட்காரர்களுக்கும் அதேதான். போனில் ஆப் வழியாக டிக்கெட் எடுப்பதும் அதுவரை கிடையாது. கவுண்டருக்குப் போய்ச் சான்றிதழைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

புரளி என்று நினைத்தேன். டிவியிலும் ஓடிய பிறகு நம்பினேன். என் சான்றிதழ் போனில் இருக்கிறது என்று தெரியும், எந்த மூலையில் என்றுதான் தெரியவில்லை. அரைமணி நேரம் தேடிவிட்டு, வாட்ஸ்அப்பில் அரசாங்கத்தின் கொரோனா எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பி, ஓடிபி போட்டு மறுபடி இறக்கினேன். மாமனார் தன்னுடையதை ஆகஸ்டிலேயே ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்ததை எடுத்துக் காட்டி, "பார்த்தியா?" என்பதுபோல் ஒரு சிரிப்பு. அவர் ரயில் ஏறி இரண்டு வருஷம் ஆகிறது.

ஜனவரி 9, ஞாயிறு

தெருவில் ஒரு வண்டி சத்தம் இல்லை. துணி மடித்துக்கொண்டே இந்த விஷயத்தை யோசித்தேன்.

எனக்குத் தடுப்பூசிமேல் சந்தேகம் எதுவும் கிடையாது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் ஊசி என்று அறிவித்தபோது சின்ன மாமா, "கூட்டம் குறையட்டும், போட்டுக்கலாம்" என்றார். மே மாதம் அவருக்கு ஆக்சிஜன் படுக்கை தேடி அலைந்தோம். கிடைத்தபோது அவருக்கு அது தேவைப்படவில்லை. அதனால் ஊசி போடாதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஊசி போடாதவர்களுக்குப் பொது இடங்களில் அனுமதி இல்லை என்று மதுரையில் டிசம்பரில் உத்தரவு போட்டபோது, சரியான வேலை என்று கணவரிடம் சொன்னவள் நான். நீலகிரியில் டாஸ்மாக்கில் பாட்டில் வாங்கவே சான்றிதழ் கேட்டார்கள், போன செப்டம்பரில். அதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லாரும் சிரித்தோம். குடிமகன்கள் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொள்வார்கள் என்றால் நல்லதுதானே.

நாளை அரைமணி நேரம் முன்னாலேயே கிளம்ப வேண்டும்.

ஜனவரி 10, திங்கள்

கவுண்டரில் நீண்ட வரிசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் போனை உயர்த்திக் காட்டச் சொல்கிறார். வெயில் பட்டு திரையில் ஒன்றும் தெரிவதில்லை. "வெளிச்சத்தைக் கூட்டுங்கம்மா." கூட்டினால், "ஃபைனல்னு போட்டிருக்கான்னு காட்டுங்க." ஒரு தவணை போட்டவர்களுக்கு 'ப்ரொவிஷனல்' என்றும் இரண்டும் முடித்தவர்களுக்கு 'ஃபைனல்' என்றும் வரும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பேர் இரண்டு விரலால் திரையைப் பெரிதாக்கிக்கொண்டு நிற்கிறோம்.

எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன் காட்டியது அவன் அப்பாவுடையது என்று நினைக்கிறேன். வயது 51 என்று எனக்கே தெரிந்தது. டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். யாரும் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கியூஆர் கோடு ஒன்று மூலையில் பெரிதாக இருக்கிறது, அதை ஸ்கேன் செய்ய ஒருவரிடமும் கருவி இல்லை. இருந்தால் வரிசை செங்கல்பட்டு வரை போயிருக்கும்.

லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. எத்தனை வருஷத்தில் முதல் முறை! ஆனால் அக்கா வரவில்லை.

அக்கா என்றால் எங்கள் ஆபீசைப் பெருக்கித் துடைப்பவர். செங்கல்பட்டுப் பக்கமிருந்து எனக்கு முன்பே ஏறி வருவார். ஏழு வருஷமாக ஒரே பெட்டி, ஒரே கம்பி. நான் ஏறியதும் என் டிபன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பத்தரை மணிக்கு ஆபீசுக்கு வந்து சேர்ந்தார், வேர்த்து விறுவிறுத்து. ஸ்டேஷனில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாறி வந்திருக்கிறார். வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, காசு போகவில்லை. காண்ட்ராக்டர் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்.

"ஊசி போடலையாக்கா?" என்று கேட்டேன். கேட்ட விதத்தில் கொஞ்சம் அதட்டல் இருந்திருக்கும்.

"ரெண்டும் போட்டாச்சும்மா. அவுங்கதான் இல்லைங்கிறாங்க."

ஜனவரி 12, புதன்

சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒரு மஞ்சள் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

முதல் ஊசி ஜூனில், அவர்கள் தெருவில் நடந்த முகாமில். அன்றைக்கு வீட்டில் சார்ஜ் இருந்த போன் பக்கத்து வீட்டுப் பையனுடையது. அவன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது ஊசி செப்டம்பர் 12, தமிழ்நாடு முழுக்க முதல் மெகா முகாம் நடந்த ஞாயிறு. ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள் என்று எல்லாரும் பெருமையாகப் பேசினோமே, அந்த 28 லட்சத்தில் இவரும் ஒருவர். அன்று மகள் நம்பரைக் கொடுத்திருக்கிறார். புது நம்பர், புது ஆள். பதிவு செய்த பிள்ளை புதிதாகவே பதிந்துவிட்டது. ஒன்றில் ஆதார், இன்னொன்றில் வாக்காளர் அட்டை. ஒன்றில் பிறந்த வருஷம் 1960, மற்றதில் 1961. பெயரின் கடைசியில் ஒன்றில் 'அம்மாள்', ஒன்றில் 'அம்மா'.

ஆக, அக்காவின் உடம்பில் இரண்டு ஊசி. அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் கணக்கில் இரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு ஊசி. இரண்டு பேருமே 'ப்ரொவிஷனல்'. இரண்டாவது தவணை எப்போதோ தாண்டிவிட்டது என்று அந்த இரண்டு பேருக்கும் குறுஞ்செய்தி வேறு வந்துகொண்டிருக்கிறது.

"இன்னொண்ணு போட்டுக்கிட்டா ஃபைனல்னு வந்துருமாம்மா? சனிக்கிழமை கேம்ப்பு இருக்காம்."

வேண்டாம் அக்கா, பொறுங்கள், நான் பார்க்கிறேன் என்றேன். ஒரு காகிதத்துக்காக மூன்றாவது ஊசிக்குக் கையை நீட்டத் தயாராக இருக்கிறார்.

ஜனவரி 13, வியாழன்

கோவின் தளத்தில் இதற்கு வழி இருக்கிறது. இரண்டு முதல் தவணைச் சான்றிதழ்களை இணைக்கலாம். வழியே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை அக்காக்கள் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் இரண்டும் ஒரே நம்பரின் கீழ் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் நம்பரில் இருப்பதை மகள் நம்பருக்கு மாற்ற வேண்டும். மகள் நம்பரில் ஏற்கெனவே நாலு பேர்: மகள், மருமகன், அக்காவின் வீட்டுக்காரர், அக்கா. ஒரு நம்பருக்கு நாலு பேர்தான். என் நம்பரிலும் நாலு பேர் ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பையன் வீட்டைக் காலி செய்துகொண்டு போய் நாலு மாசம் ஆகிறதாம்.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். கோயில் மூடியிருந்தது. கரும்பு விலை கேட்டுவிட்டு ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

ஜனவரி 17, திங்கள்

பேப்பரில் ஒரு செய்தி. யாருக்கும் அவர்கள் சம்மதம் இல்லாமல் கட்டாயப்படுத்தி ஊசி போடும் நோக்கம் இல்லை, எந்தக் காரியத்துக்கும் சான்றிதழைக் கட்டாயமாக்கி வழிகாட்டு நெறிமுறை எதுவும் வெளியிடவில்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அந்தப் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டே கவுண்டரில் போனை உயர்த்திக் காட்டினேன்.

ஆபீசில் குடோன் பொறுப்பில் ஒரு அண்ணன் இருக்கிறார். இதுவரை ஒரு ஊசி கூடப் போடவில்லை. போட மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்வார். கேட்டால் அரைமணி நேரம் வகுப்பு எடுப்பார், அதனால் கேட்பதில்லை. அவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிறார். வழியில் ஹெல்மெட் மட்டும்தான் கேட்கிறார்கள். தினமும் சரியாக ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறார், முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு. அக்கா போன வாரமெல்லாம் பத்தரைக்குத்தான் வந்தார். அவர் வந்த பஸ்ஸில் ஒருவரும் சான்றிதழ் கேட்கவில்லை. ரயிலில் இருக்கும் கிருமி பஸ்ஸில் ஏறாதா?

கணவரிடம் சொன்னால், "எங்கேயாவது ஒரு இடத்தில் ஆரம்பிக்கணும் இல்ல?" என்கிறார். அவரும் ஸ்கூட்டரில் போகிறவர்தான்.

சித்தி மகள் படிப்புக்கு லண்டன் போனபோது நடந்தது ஞாபகம் வந்தது. இரண்டும் கோவிஷீல்டு. அங்கே அஸ்ட்ராஜெனகா என்ற பெயரில் போட்ட அதே மருந்து. ஆனால் இந்தியாவில் போட்டது செல்லாது, பத்து நாள் தனிமை என்றார்கள். முதலில் மருந்தை ஏற்றுக்கொள்கிறோம், சான்றிதழைத்தான் இன்னும் ஏற்கவில்லை என்று அறிவித்தார்கள். அக்டோபர் 11-இல்தான் அதுவும் சரியானது. அப்போது அவளுக்காக நாங்கள் குடும்பமே கொதித்தோம். அக்கா கொதிக்கவில்லை, இப்போது ஐந்து மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். இரவு ஊரடங்கே ஐந்துக்குத்தான் முடிகிறது.

ஜனவரி 20, வியாழன்

பையன் கிடைத்துவிட்டான்! திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அக்கா வீட்டுக்காரர் பழைய வீட்டு ஓனரிடம் நம்பர் வாங்கி வந்தார். நல்ல வேளை, சிம்மை மாற்றவில்லை.

ஜனவரி 22, சனி

நேற்று ஒரு நல்ல செய்தி. கோவினில் ஒரு நம்பருக்கு இனி ஆறு பேர் பதியலாம். காலையில் அக்காவை மகளோடு வீட்டுக்கே வரச் சொன்னேன். மேஜைமேல் லேப்டாப், மகளின் போன், ஸ்பீக்கரில் திருப்பூர். ஓடிபி மூன்று நிமிடம்தான் தாங்கும்.

முதல் ஓடிபியை அவன் படிப்பதற்குள் பின்னால் தையல் மிஷின் சத்தத்தில் ஒரு எண் விழுங்கப்பட்டது. இரண்டாவது முறை, "இருங்கக்கா, வெளியே வர்றேன்" என்று ஓடி வந்து படித்தான். நாலு, எட்டு, எட்டு என்று அவன் சொல்லச் சொல்ல, அக்காவும் பூஜையில் மந்திரத்தைத் திருப்பிச் சொல்வதுபோல் நாலு, எட்டு, எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாற்றம் ஆனது. பெயரையும் வருஷத்தையும் திருத்த ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு என்று திரையில் இருந்தது. 'அம்மாள்' என்று அடித்துவிட்டு, எழுத்தை மூன்று பேரும் தனித்தனியாகச் சரிபார்த்தோம். அப்புறம் இணைப்புக்கு விண்ணப்பம்.

மாமியார் எல்லாருக்கும் காபி போட்டார். அக்கா தரையில் உட்காரப் போனவரை நாற்காலியில் உட்கார வைக்க ஒரு தனிப் போராட்டம்.

படித்தவள், லேப்டாப் இருக்கிறது, சனிக்கிழமை விடுமுறை. எனக்கே ஒரு பகல் முழுக்க ஆனது.

ஜனவரி 25, செவ்வாய்

வந்துவிட்டது. ஃபைனல். ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து, கீழே ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து கொடுத்தேன். அக்கா எழுத்தைப் படிக்க மாட்டார். மேலே தேய்த்துப் பார்த்துவிட்டு, "கெட்டியா இருக்கு" என்றார்.

ஜனவரி 27, வியாழன்

எட்டு நாற்பது வண்டி. நான் ஏறியதும் டிபன் பையை யாரோ வாங்கினார்கள். கவுண்டரில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. பாக்கவே இல்ல. தூக்கிக் காட்டினேன், கொடுத்துட்டாரு."

நாளையிலிருந்து இரவு ஊரடங்கும் ஞாயிறு ஊரடங்கும் ரத்து என்று இரவு அறிவித்தார்கள். பிடித்த அரைநாள் சம்பளங்களை காண்ட்ராக்டர் திருப்பித் தருவாரா என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார்.

மே 2, 2022, திங்கள்

இந்தக் குறிப்பைத் தொடர வேண்டும் என்று நினைக்கவே இல்லை. மதியம் செய்தி பார்த்தேன். ஜேக்கப் புலியேல் என்ற மருத்துவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய். யாரையும் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி வற்புறுத்த முடியாது. பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது அளவோடு இருக்க வேண்டும். தொற்று குறைவாக இருக்கும் இன்றைய நிலையில், ஊசி போடாதவர்களைப் பொது இடங்களில் தடுக்கும் உத்தரவுகள் அளவுக்கு மீறியவை, திரும்பப் பெற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அரசின் தடுப்பூசிக் கொள்கையில் தவறு இல்லை என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். குடோன் அண்ணன் முதல் பாதியை மட்டும் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

ஊசி போடாதவர்களின் உரிமை பற்றி அத்தனை பக்கம். போட்டும் காகிதம் கிடைக்காதவர்கள் அதில் எங்காவது வருகிறார்களா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அரைநாள் சம்பளம் வரவில்லை.

சாயங்கால வண்டியில் கூட்டம் பிதுங்கியது. ஸ்டேஷனில் இப்போது யாரும் எதையும் கேட்பதில்லை. அக்கினி நட்சத்திரம் பிறக்கும் முன்பே இந்த வேக்காடு. அக்கா பையிலிருந்து அந்த லேமினேட் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார். எனக்கும் சேர்த்து கொஞ்சம் காற்று வந்தது.

"அறுபது தாண்டினவங்களுக்கு மூணாவது ஊசி போடுறாங்களாம்மா. எனக்கு அடுத்த மாசம் வருது."

"போட்டுக்கோங்கக்கா."

"போட்டுக்கிறேன். எந்த நம்பரைக் குடுக்கிறது, அதைச் சொல்லு."