சிங்கப்பூரிலிருந்து ஒரு வில்லாளி

என் சித்தி மகள் போன வருஷம் சிங்கப்பூருக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்டையார்பேட்டை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால், அவள் உட்காரும் ஜன்னலோர இடம் காலியாகக் கிடந்தது. மூன்று வருஷமாக நாங்கள் ஐந்து பேரும் அங்கேதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடி வந்தோம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி வெளிவந்த விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார், எங்கள் குழுவில் அது நான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவு பாதி திறந்திருக்கு. உள்ளே யாரோ இருமுற சத்தம். என்ன செய்றீங்க?" என்று நான் கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எல்லாமே பேச்சு. அதனால் ஒரு போன் இருந்தால் போதும், அவளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நம்பினேன்.

தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ கால் போட்டோம். முகம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் வாரம் போகப்போக அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அவளுடைய பாத்திரம் ஒரு வில்லாளி. முன்பெல்லாம் நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் கூரை மேல் ஏறி நிற்பாள். இப்போது, "சரிக்கா, நானும் அவங்க பின்னாடியே போறேன்" என்பதோடு சரி. வேலை அலுப்பு என்றான் தம்பி. நியாயமாகத்தான் பட்டது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது. நாங்கள் ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்தால், அங்கே ராத்திரி பதினொன்றரை.

ஒரு நாள் அவளிடமே கேட்டேன். "நான் பேசினுதான் இருக்கேன்க்கா. உங்களுக்குத்தான் கேக்கல" என்றாள்.

மறுநாளே தம்பி, மாமா மகன், எதிர்வீட்டு அண்ணன் மூவரையும் கூடத்தில் ஆடச் சொல்லிவிட்டு, இன்னொரு போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் இயர்போனில் கேட்டேன். முதலில் காதில் விழுந்தது மின்விசிறி. அப்புறம் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரியின் ஹாரன். தரையில் உருளும் பகடை, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருந்தது. மூன்று பேரும் சேர்ந்து சிரித்தபோது துண்டு துண்டாக ஏதோ வந்தது, எதற்குச் சிரித்தார்கள் என்றே புரியவில்லை. நான் நடுவில் பேசிப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. ஸ்பீக்கரில் பேசும்போது எதிரொலி வராமலிருக்க, போன் ஒரு பக்கத்துக் குரலை அமுக்கும். கூடத்தில் யாராவது பேசிக்கொண்டே இருந்தால், அமுங்குவது தூரத்தில் இருப்பவரின் குரல்தான். பல வாரம் அவளை அப்படி உட்கார வைத்திருந்தோம் என்று நினைக்கையில் மனசு கனத்தது.

மின்விசிறியை நிறுத்தினோம். மே மாதத்தில் அது சாதாரண விஷயமில்லை, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். டேபிள் ஃபேன் தூரத்து மூலைக்குப் போனது. பகடையை மடித்த துண்டின் மேல் போட்டோம். வெறும் சுவரில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம். முன்பக்கச் சத்தத்தை மட்டும் நன்றாக வாங்கும் மைக் ஒன்று வாங்கி, அதன் எதிரே அரைவட்டமாக உட்கார்ந்தோம். அவள் குரல் வரும் ஸ்பீக்கர் மைக்குக்குப் பின்னால், ஜன்னலோரம், அவளுடைய பழைய இடத்தில்.

மிச்சம் எங்கள் பழக்கத்தில் இருந்தது. "என்ன செய்றீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் கூடத்தில் இருப்பவர்கள்தான் முந்துவார்கள், குரல் போய்ச் சேரவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதனால் முதலில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டு, மனசுக்குள் மூன்று எண்ணுவேன். அவள் நடுவில் பேச வேண்டுமென்றால் சாட்டில் ஒரு புள்ளி போடுவாள், அதைக் கவனிப்பது தம்பியின் பொறுப்பு. தனக்குள் கிசுகிசுத்த ஜோக்கை மாமா மகன் அவளுக்குத் திரும்பச் சொல்லியாக வேண்டும்.

ரோல்20 போன்ற, வரைபடமும் பகடையும் திரையிலேயே இருக்கும் இணைய மேசையிலும் ஒரு வாரம் ஆடினோம். ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்களுக்கு அது அருமையான வசதி. எங்களுக்கோ, எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு அவரவர் போனைப் பார்ப்பது பிடிக்கவில்லை. சண்டையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்ட, கட்டம் போட்ட தாளுக்கும் கேரம் காய்களுக்குமே திரும்பினோம். ஒரு கட்டம் என்றால் கதையில் ஐந்து அடி. அவளும் அங்கே நோட்டில் அதே கட்டம் போட்டு, சட்டைப் பொத்தான்களை நகர்த்துவாள். வரிசைகளுக்கு முதலில் க, ங, ச என்று பெயர் வைத்தோம், போனில் ஙவும் ஞவும் ஒன்றாகவே கேட்டன. இப்போது எங்கள் வடசென்னை இடங்களின் பெயர்கள்தான்: ராயபுரம், காசிமேடு, மிண்ட், ஸ்டான்லி, கொருக்குப்பேட்டை, எண்ணூர். அதோடு கட்டத்தின் எண். "கொருக்குப்பேட்டை ஆறுல டிராகன் நிக்குது" என்றால் யாருக்கும் சந்தேகமே வராது.

ஊருக்கு வந்துபோன உறவினரிடம் அவளுக்காக ஏழு பகடை கொண்ட ஒரு செட் கொடுத்தனுப்பினேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் கேமராவில் காட்டினாள். வேண்டாம், நீ சொன்னால் போதும் என்றோம்.

போன ஞாயிறு, மூழ்கிய கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில் மூன்று ஓநாய்கள் வழிமறித்தன. அவளிடம் கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். யாரும் வாய் திறக்கவில்லை. ஸ்பீக்கரில் பகடை உருளும் சத்தம்.

"பதினெட்டுக்கா! காசிமேடு மூணுல இருக்கிறத அடிக்கிறேன்."

மாமா மகன் அந்தக் கருப்புக் காயை எடுத்துப் பெட்டிக்குள் போட்டான்.